வழுக்கி விழுந்தவள்

2008ஆம் ஆண்டு மாரிகாலம். கிண்ணியாப் பாலம் அப்போது திறக்கப்படவில்லை. மூதூர்ப் பக்கமிருந்து திருகோணமலை டவுனுக்கு வருவதென்றால் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுகளில் ஏறி இறங்கி, சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, அரைநாள் போய்விடும். அப்படியொரு காலையில் என் மச்சாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. மழைக்கு ஒரு ஷொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்திருந்தாள்.

"மச்சாள், கொஞ்சம் படுக்கவேணும்."

பிள்ளையை வாங்கும்போது அவளுடைய கை என் கையில் பட்டது. அவ்வளவு நேரம் மழையில் நனைந்த கை குளிர்ந்துபோய் இருந்திருக்க வேண்டும். சுட்டது. பாயை விரித்துக் கொடுத்தேன். பெனடோல் இருக்கோ என்று கேட்டாள். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அறைக்குள் ஒரு வாடை. மீன் கழுவிய தண்ணீர் இரண்டு நாள் நின்றால் வருமே, அப்படி. பழைய சாரம் ஒன்றை மடித்து உள்ளுக்கு வைத்திருந்தாள். அதையும் தாண்டிப் பாயில் பட்டிருந்தது.

"எத்தனை நாள்?"

"நாலு."

"என்ன செய்தனீ?"

சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நெடுநேரம் கழித்து, "பால் குடுக்கேக்க தங்காதெண்டுதானே எல்லாரும் சொன்னவை" என்றாள். அவ்வளவுதான். யாரிடம் போனாள், எவ்வளவு காசு கொடுத்தாள், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவளுக்கு அப்போது 29 வயது. மூன்று பிள்ளைகள். சண்டையில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூரைக்குத் தகரம் போட்டிருந்தார்கள், சுவர் இல்லை. கணவர் கூலிக்குப் போவார். நல்ல மனிதர்தான். பால் கொடுக்கும் காலத்தில் வயிற்றில் தங்காது என்று அவளுக்குச் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பி வராமல் இருந்தால் அது பெரும்பாலும் உண்மை. எட்டாம் மாதம், சோறு பிசைந்து ஊட்டத் தொடங்கிய பிறகு, அது உண்மையில்லை. பாதித் தகவல் அவளுக்குக் கிடைத்திருந்தது. மீதிப் பாதியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். அவளுடைய உயிரைக் காப்பாற்றியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வழி நெடுக அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பொலிசுக்குச் சொல்லுவினமோ மச்சாள்? பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

வார்டில் இருந்தவர் ஓர் இளம் டொக்டர். சிங்களவர். தமிழில் "வலியா?", "காய்ச்சலா?" என்று கேட்கத் தெரிந்திருந்தது, அதற்கு மேல் இல்லை. எனக்குச் சிங்களம் தெரியும். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலைதான் செய்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: ஏதாவது மருந்து எடுத்தாவா, யாராவது ஏதாவது செய்தார்களா, என்ன நடந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நான் அவளிடம் கேட்கவில்லை. கேள்வியை மொழிபெயர்க்கவே இல்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன்: கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா.

அவர் பேனையை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அன்று பகல் முழுவதும் அவளை விழுந்ததால் கரு சிதைந்த ஒரு பெண்ணாகத்தான் பார்த்தார்கள். சேலைன் ஏறியது. இரத்தப் பரிசோதனைக்கு எடுத்தார்கள், முடிவு வரத் தாமதம். இரவு எட்டு மணிபோல அவளுக்கு உடம்பு தூக்கிப் போடத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்போது வந்த மிஸி, அதாவது தாதி, வயதானவர், தமிழ் ஆள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ கேட்டார். அந்த மிஸிக்கு அவள் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அதன்பிறகு வார்டே ஓடியது. அன்றிரவே ஒபரேஷன். கருப்பையை எடுத்துவிட்டார்கள். பதினொரு நாள் கழித்து, நடக்கும்போது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே வந்தாள்.

உண்மையைக் காலையிலேயே சொல்லியிருந்தால் கருப்பை மிஞ்சியிருக்குமா என்று அந்த மிஸியிடம் கேட்டேன். "அதை ஏன் இப்ப கேக்கிறீங்க பிள்ளை" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இத்தனை வருடமும் இருக்கிறேன்.

என் மச்சாளைக் காப்பாற்றுவதற்காகத்தான் பொய் சொன்னேன். எனக்குத் தெரிந்திருந்த ஒரே சட்டம், கருக்கலைப்பு குற்றம் என்பது மட்டும். குற்றமானாலும் இல்லாவிட்டாலும், இரத்தப்போக்கோடு வருகிறவளுக்குச் சிகிச்சை கொடுப்பது வைத்தியசாலையின் கடமை. அந்தச் சிகிச்சை கொடுப்பது எந்த டொக்டருக்கும் குற்றமில்லை. என்ன நடந்தது என்று அவர் கேட்டது வழக்குப் போட அல்ல, எந்தக் கிருமி, எவ்வளவு நாள், உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று அறிவதற்குத்தான். ஆனால் பயம் இருக்கும் இடத்தில் எந்தக் கேள்வியும் விசாரணையாகத்தான் கேட்கும். வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கிறவளுக்கும் சரி, பக்கத்தில் நிற்கிறவளுக்கும் சரி.

வழுக்கி விழுந்தவள் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் யோசித்தேன், தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று. பழைய மேடைப் பேச்சுகளிலும் கதைகளிலும் 'வழுக்கி விழுந்த பெண்கள்' என்றால் யாரைச் சொன்னார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவளைக் காக்கப் போட்ட பொய்யிலும் அந்தப் பழி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று பிள்ளை பெற்ற, தாலி கட்டிய புருஷனோடு வாழ்கிற ஒருத்திக்கு.

இதையெல்லாம் எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ. என்ர பேரை மட்டும் போடாதீங்கோ" என்றாள்.

அந்தச் சட்டத்தை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டுக்கு உரியது. விக்டோரியா மகாராணி காலம். அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்தாலொழிய, கருவைச் சிதைப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை. பிள்ளையின் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழு வருடம் வரை. கூடவே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: தன் கருவைத் தானே சிதைக்கிற பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள். செய்தவரைத் தண்டிக்கப் போடப்பட்ட சட்டம் என்று எண்ணியிருந்த எனக்கு அந்த ஒரு வரியைப் படித்தபோது நெஞ்சடைத்தது. ஓட்டோவில் அவள் கேட்ட கேள்வி வீண் பயத்தில் கேட்டதல்ல. சட்டம் தெரியாமலே சட்டத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

அந்தச் சட்டத்தை எங்களுக்குத் தந்துவிட்டுப் போன பிரித்தானியா 1967இலேயே தன்னுடையதை மாற்றிக்கொண்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில், ஏறக்குறைய இதே வாசகங்களோடு 1860இன் தண்டனைச் சட்டம் இருந்தது. அவர்கள் 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள், 2021இல் இன்னும் விரித்தார்கள். 2022 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. நேபாளத்தில் ஒரு காலத்தில் கருவைக் கலைத்ததற்காகப் பெண்கள் சிறையில் கிடந்தார்கள். 2002இல் அங்கே சட்டம் மாறியது. அங்கேயும் கோயில் இருக்கிறது, மாமியார் இருக்கிறார், ஊர் வாய் இருக்கிறது. வறுமை எங்களைவிட அதிகம். இருந்தும் மாற்றினார்கள்.

எங்கள் நாட்டில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தியபோது, வல்லுறவு, குடும்பத்துக்குள் நடக்கும் தகாத உறவு, கருவின் கடுமையான குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுக்கும் பிரிவு ஒன்றும் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றினார்கள். அந்த மீதியில்தான் சம்மத வயது 12இலிருந்து 16 ஆனதும், இரத்த உறவுக்குள் நடப்பது தனிக் குற்றமாக எழுதப்பட்டதும். தகப்பன் மகளுக்குச் செய்வது குற்றம் என்று அந்த வருடம் ஏற்றுக்கொண்டவர்கள், அதனால் வயிற்றில் வந்ததை அந்தப் பிள்ளை சுமந்தே ஆகவேண்டும் என்பதையும் அதே வருடம் உறுதிசெய்துவிட்டுப் போனார்கள். இதை வாசிக்கிற சட்டத்தரணிகள் யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கள். 13 வயதுப் பிள்ளை ஒருத்தியின் இடுப்பெலும்பு பிள்ளை பெறுகிற அளவுக்கு வளர்ந்திருக்காது என்பது சட்டத்துக்கு எப்போது விளங்கும்?

2017இல் மறுபடி. நீதியரசர் ஒருவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது, வல்லுறவுக்கும் கருவின் பாரதூரமான குறைபாட்டுக்கும் மட்டும் அனுமதி கொடுக்க அமைச்சரவையும் இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், வேறு மதத் தலைவர்களும் சேர்ந்தார்கள், கிடப்பில் போடப்பட்டது.

இதற்கிடையில் என்ன நடக்கிறது? நாட்டில் ஒரு நாளைக்கு 650க்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நடப்பதாகச் சுகாதாரத் துறையே நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு ஒன்று இருக்கிறது. மறைவில் நடப்பதை எண்ணுவது கடினம், கூடக்குறைய இருக்கலாம். ஆனால் பாதியாக வெட்டினாலும் அது ஒரு நாளைக்கு ஐந்தாறு பஸ் நிறையப் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கல்யாணமானவர்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் என்றுதான் இலங்கையில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. 'கெட்டுப்போன பெட்டைகள்' என்று நாம் கற்பனை செய்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பின்னேரத்தில் மீன் வாங்க நிற்கும்போது எனக்கும் உங்களுக்கும் பக்கத்தில் நிற்கிறவர்கள்.

காசு உள்ளவளுக்கு இந்தச் சட்டம் வேறு முகம் காட்டும். கொழும்பில் ஒரு கதவு திறக்கும், அல்லது சென்னைக்கு விமான டிக்கட் போடலாம். சுத்தமான அறை, தேர்ந்த கை, இரண்டு நாளில் வீடு. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருகிறவளுக்கு அந்த பஸ் காசும், இரண்டு நாள் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆளும், 'எங்க போனனீ' என்ற கேள்விக்கு ஒரு பதிலும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவள்தான் அந்த வீட்டுக்குப் போகிறாள். சட்டம் கருக்கலைப்பை நிறுத்தவில்லை. யார் உயிரோடு திரும்புவது, யார் தாமதமாக வந்து கட்டிலில் பொய் சொல்வது என்பதைத்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் எங்கள் நாட்டுச் சுகாதார சேவையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. மனதார உண்டு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கு வீடு மருத்துவமாது போகிற ஓர் ஒழுங்கைக் கட்டி எழுப்பியிருக்கிறோம். 1940களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் செத்தார்கள். இப்போது அது 30 அளவில். மற்ற நாடுகள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போகிற சாதனை. எந்தக் கட்சி வந்தாலும், சண்டை நடந்தாலும், அந்தப் பெண்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்த மருத்துவமாதை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவரையும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. யார் வீட்டில் எத்தனை பிள்ளை, கருத்தடைக்கு யார் டெப்போ ஊசி, யார் லூப், யாருக்கு அடுத்த கிளினிக் எப்போது என்று கொப்பி பார்க்காமலே சொல்லுவார். பிள்ளை நிறுக்கும் தராசை எங்கள் மாமரக் கொப்பில்தான் கட்டுவார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கொப்பில் தொங்கி அழுதவர்கள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். ஒருநாள் உப்புவெளியில் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "மிஸி, இத்தனை வருஷத்தில 'இது எனக்கு வேண்டாம், என்ன செய்யலாம்' எண்டு எத்தனை பேர் உங்களிட்டக் கேட்டிருப்பினம்?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "வாய் விட்டுக் கேட்டது ரெண்டு மூண்டு பேர்தான்" என்றார். "ஆனா கேக்க வந்தவை கனபேர். கேற்றடியில நிண்டு, அங்க இங்க பாத்து, 'மிஸி, இந்த மாசம் திரிபோஷா சத்துமா வந்திட்டுதோ' எண்டு கேப்பினம். வரேல்லை எண்டு சொன்னாலும் நிப்பினம். எனக்கு விளங்கும். நானும் கேக்கமாட்டன்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவருடைய பையில் கருவுறாமல் இருக்கக் கொடுப்பவை எல்லாம் இருந்தன. கருவுற்ற பிறகு தேவையானவை எல்லாம் இருந்தன: போலிக் அசிட், இரும்புச் சத்துக் குளிசை, அட்டை, அளவு நாடா. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெண்ணுக்கு அந்தப் பையில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. அது அவருடைய பிழையில்லை. வீட்டு வாசல்வரை அறிவைக் கொண்டுவந்து சேர்த்த ஒரு நாடு, அந்த ஒரு கேள்வியை மட்டும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. என் மச்சாளுக்குக் கிடைக்காமல் போன அந்த மீதிப் பாதி இதுதான்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னோடு வேலை செய்தவள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கரு. கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்து, கோட்டை வாசலிலிருந்து கால்நடையாக மலை ஏறி, வழியில் நின்ற மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு வந்தவள். ஐந்தாம் மாத ஸ்கேனில் டொக்டர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். அனென்செஃபலி. பிள்ளைக்கு மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை. கரு தங்கி முதல் நாலு வாரத்துக்குள், பலருக்கும் தாம் கர்ப்பம் என்றே தெரியாத காலத்தில், மூடவேண்டிய ஒன்று மூடாமல் போனதால் வருவது. இதற்கு வைத்தியம் கிடையாது. பிறந்தால் சில மணி நேரம், கூடினால் சில நாள்.

அவளுடைய உயிருக்கு ஆபத்தில்லை. ஆகவே சட்டப்படி செய்வதற்கு ஒன்றும் இல்லை. கண்டிக்குப் போய் இன்னொரு டொக்டரிடமும் காட்டினார்கள். அதே பதில். அவள் மீதி நாலு மாதமும் சுமந்தாள். அந்த நாலு மாதமும் பஸ்ஸில் அவளுக்கு எழும்பி இடம் கொடுத்தார்கள். சந்தையில் 'எத்தனை மாசம்?' என்றார்கள். வயிற்றைப் பார்த்து ஆம்பிளைப் பிள்ளைதான் என்றார்கள். மாமியார் விஷயம் தெரிந்தும் வளைகாப்பு வைக்காவிட்டால் ஊர் கேட்கும் என்றார். அவள் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தால் பிள்ளை உதைக்கிறது மட்டும்தான் தெரியும் என்றாள். பிறந்து நாற்பது நிமிடம் பிள்ளை இருந்தது. தொப்பி ஒன்று பின்னி வைத்திருந்தாள், நெற்றி மறைய இறக்கிப் போட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டினாள்.

நான் இங்கே கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். தெரிந்தும் சுமந்து பெற விரும்புகிற தாய் இருப்பாள். அவளுக்கு அந்த நாற்பது நிமிடமே போதுமாயிருக்கும். அவளுடைய முடிவுக்கு நான் தலை வணங்குவேன். ஆனால் இவள் அப்படி விரும்பவில்லை. விருப்பமா என்று இவளிடம் எவரும் கேட்கவும் இல்லை.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தை 1981இல் ஏற்றது. முதலாவது உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2018இல் வாழ்வுரிமை பற்றித் தந்த விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து இருக்கும்போதும், கருவைச் சுமப்பது அவளுக்குப் பெரும் வேதனையைத் தரும்போதும், குறிப்பாக வல்லுறவாலோ தகாத உறவாலோ வந்த கரு, பிழைக்கவே முடியாத கரு என்னும்போது, பாதுகாப்பான கருக்கலைப்புக்கு அரசு வழி செய்யவேண்டும். எங்கள் ஊரில் மனித உரிமை என்றால் காணாமற்போனவர்கள், காணி, கைது. அவற்றுக்காகப் பதாகை பிடித்து வெயிலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கூட்டங்களில் ஒரு தடவைகூட இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேசினால் மற்றக் கோரிக்கைகளுக்கும் ஆதரவு குறைந்துவிடும் என்று ஒரு தோழர் சொன்னார். நாங்களும் ஓம் என்று தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலை நான் இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

பாவம் இல்லையா என்று கேட்பார்கள். என் அம்மா கேட்டார். பத்திரகாளி அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தவர். 'சிசுவைக் கொல்லுற பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது' என்று கேட்டு வளர்ந்தவர். மச்சாள் வைத்தியசாலையில் கிடந்த பதினொரு நாளும் அந்த எட்டு மாதப் பிள்ளையை அம்மாதான் வைத்திருந்தார். பால் கேட்டு இரவெல்லாம் அழும். தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, என்னிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குத் தாய் வேணும். மிச்சக் கணக்கை அம்மாள் பாத்துக்கொள்ளட்டும்." அதற்கு மேல் அவர் ஒருநாளும் பாவம் என்ற சொல்லை எடுக்கவில்லை. கிண்ணியாவில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறா, மதரசாவில் படிப்பிப்பவ. கருவுக்கு 120 நாளில் உயிர் ஊதப்படுவது பற்றியும், தாயின் உயிர் முந்தியதா என்பது பற்றியும் மார்க்க அறிஞர்கள் காலங்காலமாக எவ்வளவு விவாதித்திருக்கிறார்கள் என்று மணிக்கணக்காகச் சொல்லுவா. மதங்கள் இதைப் பற்றி யோசித்தே இருக்கின்றன. 303ஆம் பிரிவுதான் 1883இலேயே யோசிப்பதை நிறுத்திவிட்டது.

சட்டம் மாறும்வரை சில விஷயங்களையாவது நாம் ஒருவருக்கொருவர் சொல்லி வைக்கவேண்டும். பார்மசியில் வாங்குகிற போஸ்டினோர் கருவைக் கலைக்கிற குளிசை அல்ல. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போட்டுக் கரு உண்டாகாமல் தடுப்பது. 72 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தங்கிவிட்டால் அது ஒன்றும் செய்யாது. கரு சிதைந்தாலும் கலைத்தாலும், ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நப்கின் நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், காய்ச்சல் குளிர் நடுக்கம் இருந்தால், வாடை வந்தால், தலை சுற்றினால், அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். சொல்லப் பயமாக இருந்தால், வயதான ஒரு மிஸியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை, வல்லுறவு என்றால் அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்று ஓர் இடம் இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்று போர்டு போட்டிருப்பார்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லுவேன்: டொக்டர் கேட்ட கேள்வியை அவளிடம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து வளவில் இரண்டு கம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருத்தி நன்றாகக் கதைப்பாள். மற்றவள் மலையகத்துப் பிள்ளை, கண்டால் சிரிப்பதோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை கேற்றடியில் வந்து நின்றாள். கேற்றின் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். ஒழுங்கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அன்ரி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேள் பிள்ளை."

கொஞ்ச நேரம் நின்றாள். "தேசிக்காய் ரெண்டு இருக்குமா?"

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, பின்பக்கம் போய் மரத்தில் நாலு பறித்துக்கொண்டு வந்தேன். கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

கேற்றைத் திறந்துவிட்டேன். "உள்ளுக்கு வந்து இரு. தேத்தண்ணி போடுறன்" என்றேன்.